பாட்டு ஓட வேண்டும் என்று நினைத்து எழுதலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் வீடு, மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, வயது 29. காலேஜ் நாளிலிருந்து நீங்களே எழுதி, மெட்டுப் போட்டு, கிடாரோடு பாடுகிறீர்கள். போன வருஷம் ஒரு பாட்டு யூடியூபில் ஓரளவு ஓடிவிட்டது. அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ‘ஓடணும்னு எழுதினா பொய்யா இருக்கு, ஓட வேணாம்னு எழுதினா யாருக்கு எழுதுறேன்னே தெரியலை’ என்கிறீர்கள். கடைசியில், ஒரு கம்பெனி மொத்தமாக 25,000 ரூபாய் தந்து அந்தப் பாட்டை எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது, கொடுத்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வெற்றியைத் துரத்துவது சரியா தப்பா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், பாதிப் பேர் காசும் வாங்குவார்கள். எனக்கு உங்கள் கேள்வி அப்படிப் படவில்லை. ஆசைப்பட வெட்கமாக இருக்கிறது, ஆசைப்படாமல் இருக்கவும் முடியவில்லை, இந்த இழுபறியை வைத்துக்கொண்டே நல்ல பாட்டு எழுத முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் என்னைப் பற்றி. நான் பாடலாசிரியன் இல்லை. இளவயதில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தேன், பிறகு பெரம்பூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை போட்டேன், இன்றுவரை அதில்தான் பிழைப்பு. ஆடிக்கு அம்மன் பாட்டு, டிசம்பருக்குக் கிறிஸ்தவப் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, நடுவில் கானா, ராப், கல்யாண வீடியோவுக்குப் பாட்டு. எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்குள் நான் வேலை பார்த்தது குறைவு, அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் நம்பினால் போதும்.

நம்ம பக்கத்துச் சாவு வீட்டுக் கானாவை நீங்கள் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. பாடும்போது பார்த்திருப்பீர்கள், பாடுவதற்கு முன்னால் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய கையாக இருந்தால் வந்ததும் மைக்கைத் தொடமாட்டார். சாமியானாவுக்கு வெளியே, இறந்தவரின் மகனையோ கூட்டாளியையோ தனியாக அழைத்துப்போய் டீ வாங்கிக்கொடுத்துக் கேட்பார். வீட்டில கூப்பிடுற பேர் என்ன? ஆர்பர்ல வேலையா, போட்டுக்குப் போனாரா? எத்தனை பசங்க, அதுல யார் செல்லம்? எந்தக் கடையில உட்காருவாரு? மச்சான் வந்துட்டாரா, பேச்சுவார்த்தை உண்டா? எல்லாம் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் ஏறும். நடுராத்திரிக்கு மேல் டோலக் சூடு பிடித்ததும் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பாட்டுக்குள் வந்து விழும். மெட்டு பெரும்பாலும் ஊருக்கே தெரிந்த மெட்டுதான். ஆனால் அவர் எப்போதும் உட்காரும் கடையின் பெயர் வந்ததும் ஐஸ் பெட்டிப் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மா வெடித்து அழும். தன் பெயர் வருமா என்று ஒரு பங்காளி விடியவிடியக் காத்திருப்பான், வராவிட்டால் காலையில் அதற்கு ஒரு சண்டை.

அந்தப் பாடகர் காசுக்குத்தான் பாடுகிறார். எடுபட வேண்டும் என்றுதான் பாடுகிறார், எடுபட்டால்தான் அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். நீங்கள் எதற்காக வெட்கப்படுகிறீர்களோ அந்த ஆசை அவரிடம் முழுசாக இருக்கிறது. இருந்தும் பாட்டில் பொய் இல்லை. யாருக்குப் பாடுகிறோம் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஓட வேண்டும் என்ற ஆசை பாட்டைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. முகமே தெரியாத ‘எல்லாருக்கும்’ எழுத உட்காருகிற அன்றைக்குத்தான் பாட்டு கெடுகிறது. உங்கள் கேள்வியிலேயே அந்தச் சொல் இருக்கிறது: யாருக்கு. நீங்கள் அதை ரெண்டாவது பாதியில் மட்டும் போட்டிருக்கிறீர்கள், முதல் பாதிக்கும் அதேதான் பொருந்தும்.

எங்கள் அறையில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. யார் புதுப் பாட்டோடு வந்தாலும் பல்லவியைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணமாட்டேன். பல்லவி எல்லாருக்கும் வரும். இப்போது அதுவும் ரீல்ஸுக்கு வெட்டி எடுக்கத் தோதாக, முன்னிசையே இல்லாமல் எடுத்த எடுப்பில் வந்து நிற்கிறது. முதல் சரணத்தையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். ரெண்டாவது சரணத்தில்தான் ஆள் தெரியும். சொல்ல விஷயம் இருக்கிறவன் அங்கேதான் புதுசாக ஒன்றைச் சொல்வான். ஓட்டத்துக்கு மட்டும் எழுதினவன் அந்த இடத்தில் முதல் சரணத்தையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்வான், இல்லையென்றால் ‘அண்ணா, இங்க ஒரு ராப் போட்டுக்கலாமா’ என்று கேட்பான். நல்ல ராப்பைக் குறை சொல்லவில்லை, ஓட்டை அடைக்க வரும் ராப்பைச் சொல்கிறேன்.

நீங்கள் இணைப்புக் கொடுத்திருந்த பாட்டுகளைக் கேட்டேன். ஓடின பாட்டில் அப்பா டிரெய்லரோடு எண்ணூர் ஹைவேயில் ஹார்பர் வரிசையில் நிற்கிறார். ரெண்டாவது சரணத்தில், கேபினுக்குள் தொங்கும் சட்டையின் பையில் பையனுக்கு வாங்கின ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கிறது, வண்டி நகர்வதற்குள் அவனுக்குப் பரீட்சை முடிந்துவிடுகிறது. அதை எழுதும்போது உங்கள் மனசில் அப்பா இருந்தார், ஒருவேளை அவரோடு வரிசையில் நின்றவர்களும் இருந்தார்கள். அதற்கப்புறம் போட்ட ரெண்டு பாட்டிலும் ஏரியா பெயர்கள் அடுக்காக வருகின்றன, காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று பஸ் கண்டக்டர் மாதிரி. கெத்து வருகிறது, கத்தி வருகிறது. இது வெளியூர்க்காரர்கள் படத்தில் பார்த்துவிட்டு எதிர்பார்க்கும் வட சென்னை. அதை நீங்கள் அவர்களுக்குத் திருப்பி விற்கப் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கே பொய்யாகப் பட்டதில் ஆச்சரியமில்லை. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ என்னவோ. கேட்டது நீங்கள்தான்.

அப்படியானால் ஓட்டத்தையே மறந்துவிட்டு நமக்கு நாமே எழுதிக்கொண்டால் சுத்தமாக இருக்குமே என்று ஒரு யோசனை வரும். ஏழுகிணற்றில் வீராசாமித் தெருவில் இருந்த வள்ளலாரை இதற்கு உதாரணம் காட்டலாம் என்று தோன்றும், அவரே திருவொற்றியூருக்கு நடந்துபோய்ப் பாடினவர். ஆனால் அவர் கதை அவ்வளவு நேராக இல்லை. பாடல்களை அச்சிலேற்ற அவருக்கு விருப்பமே இருக்கவில்லை. அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் விடாமல் கேட்டுப் பார்த்தார், பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் வள்ளலார் சம்மதித்து, தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து, 1867-ல் திருவருட்பா முதலில் வெளிவந்தது. அப்போதும், தன் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவதில் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தெரிகிறது என்று வள்ளலார் கடிதம் எழுதினார். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், பெயர் வேண்டாம் என்று அவர் சண்டை போட்டாரே தவிர, பாட்டு வேண்டும் என்று அரைப்பட்டினி கிடந்த மனிதரை அவரால் தள்ள முடியவில்லை. பெயருக்கு ஆசைப்படுவதும் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்பதும் ரெண்டு வேறு விஷயம் என்று அங்கே தெரிகிறது. உங்களுக்குள் ரெண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, வெட்கம் முதலாவதில்தான் இருக்கிறது. ரெண்டாவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, காசுக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது, நம்ம பையன்கள் அதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். ஓடினால் காசு தானாக வரும் என்று நினைக்காதீர்கள். யூடியூபில் விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து, 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. தாண்டினாலும் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை இல்லை, மொத்தமாக வரும் காசைக் கேட்கப்பட்ட அளவுக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்கிறார்கள். எங்கள் அறைக்கு வருகிறவர்கள் போனில் காட்டும் கணக்கைப் பார்த்திருக்கிறேன். லட்சம் முறை ஓடின பாட்டும் பதிவுச் செலவைத் திருப்பித் தந்ததில்லை. 2021-ல் வந்து நாடு தாண்டி ஓடின ‘எஞ்சாய் எஞ்சாமி’க்கே தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகப் பேசினார். அதில் யார் பக்கம் நியாயம் என்பது என் வேலை இல்லை. பார்வை எண்ணிக்கையும் கைக்கு வரும் பணமும் ஒன்றல்ல என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்த 25,000. உங்களிடம் இருப்பது ஒரு பாட்டு என்று நினைக்கிறீர்கள், சட்டத்தின் கண்ணில் அது மூன்று சொத்து: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் இப்போது உங்களுடையவை, பதிவுக்குச் செலவழித்ததும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்று காகிதம் வந்தால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, எழுதினவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போது வரும் காசில் தங்கள் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும், வாட்ஸ்ஆப்பில் ‘ஓகே ப்ரோ’ என்று போட்டது கணக்கில் வராது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 5 வருஷம், எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை உங்கள் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் ஓடும். உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் இதில் பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காகிதத்தைப் படியுங்கள்.

ஆனால் சட்டம் இருப்பதால் காசு வீடு தேடி வராது. ராயல்டியை வசூல் பண்ணிப் பிரித்துத் தர எழுத்தாளர், இசையமைப்பாளர்களுக்கு என்று இருப்பது ஐ.பி.ஆர்.எஸ்., 1969-லிருந்து இருக்கும் சங்கம். அதில் உறுப்பினராகிப் பாட்டையும் பதிந்து வைக்கவில்லையென்றால் உங்கள் பங்கு உங்களைக் கண்டுபிடிக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரிகளையும் மெட்டையும் தொடவிடமாட்டேன். ஒலிப்பதிவை மட்டும் மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ பயன்படுத்திக்கொள்ள அனுமதி என்று எழுதித் தருவேன், அதற்கு அந்தப் பணத்தை வாங்கிக்கொள்வேன். கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு. ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பாட்டுக்கு அவர்கள் எவ்வளவு மதிப்புப் போடுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் அவசரத் தேவை இருந்து அந்தப் பணம் உடனே வேண்டுமென்றால் அது தனிக் கணக்கு, அதில் நான் புத்தி சொல்லமாட்டேன்.

இனி நான் சொல்வதெல்லாம் என் அபிப்பிராயம்தான். எந்தப் பாட்டு ஓடும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பதிவு முடிந்ததும் ‘இது பிச்சுக்கும்’ என்று அறை முழுக்கக் கைதட்டின பாட்டு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்திருக்கிறது, அரைமணியில் அவசரமாகப் பாடிவிட்டுப் போன அம்மன் பாட்டை ஆடி மாசம் ஒவ்வொரு கூழ்ப்பந்தலிலும் கேட்டிருக்கிறேன். பொறுமையாக இருந்தால் ஒருநாள் வரும் என்பதற்குக் கானா பாலாவைக் காட்டுவார்கள். இங்கே பல வருஷம் பாடி, சட்டமும் படித்து, 2012-ல் ‘அட்டகத்தி’ படம் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தவர். அவர் அதற்கு முழுத் தகுதியானவர். ஆனால் அவரை உதாரணமாகக் காட்ட எனக்கு மனசு வருவதில்லை, ஏனென்றால் அதே அளவு பொறுமையோடும் குரலோடும் இன்னும் சாவு வீட்டு மேடையிலேயே இருப்பவர்கள் எங்கள் அறைக்கு வந்து போகிறார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் கணக்கில் வருவதில்லை. 2017-ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு தொடங்கி, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறினபோது கானாக்காரர்களுக்குச் சினிமா தவிர இன்னொரு வாசல் உண்டு என்று தெரிந்தது. அதிலிருந்து வந்த இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இருந்தார். அந்த மாதிரி வாசல் திறக்கும் நாளை நாம் குறிக்க முடியாது. திறக்கிற அன்றைக்குக் கையில் நாலு நல்ல பாட்டு இருக்க வேண்டும், அதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை விடுவதா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அது ஒளிந்திருக்கிறது. விடாதீர்கள் என்பேன். சம்பளம் நின்ற மறுமாசமே வாடகை கட்டுகிற பாட்டு எழுத வேண்டியிருக்கும், அப்புறம் நீங்கள் ‘எல்லாருக்கும்’ எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்காது. வேலையில் இருந்துகொண்டே பாட்டு செத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த யார்டுதான் உங்களுக்குப் பாட்டு தருகிறது. சீல் உடைந்த பெட்டிக்காக யார் யாரைத் திட்டினார்கள், பீகார் பையன் ராத்திரி போனில் யாரிடம் பேசினான், இதெல்லாம் வடபழனியில் உட்கார்ந்து மெட்டுக்கு எழுதுகிற யாருக்கும் கிடைக்காது.

பாட்டையும் விட வேண்டாம். யூடியூபில் போடுவதை மட்டும் சில மாசம் நிறுத்திப் பாருங்கள். வருகிற ஆயுத பூஜைக்கு உங்கள் யார்டில் வண்டிகளுக்கு மாலை போட்டுப் பொரி கொடுக்கும்போது, அந்த டிரைவர்கள் முன்னால் அப்பா பாட்டையும் புதுசாக ஒன்றையும் பாடுங்கள். அவர்களுக்குச் சும்மா தலையாட்டத் தெரியாது, பிடிக்காவிட்டால் நடுவிலேயே எழுந்து போய் பீடி பற்ற வைப்பார்கள். எந்த வரியில் எழுந்தார்கள் என்று பார்த்துக்கொண்டால் போதும், எந்த அனலிட்டிக்ஸும் அதைவிடச் சரியாகச் சொல்லாது.

கம்பெனிக்காரர்களிடம் ஒப்பந்தத்தை முழுசாகக் கேட்டு வாங்குங்கள், ‘ஒரு பக்கம்தான் ப்ரோ, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க’ என்றால் ஒரு வாரம் டைம் கேளுங்கள். ஹைகோர்ட் பக்கம் பதிப்புரிமை பார்க்கும் வக்கீல் ஒருவருக்கு ஒருமுறை ஃபீஸ் கொடுத்துப் படிக்கச் சொல்வது நஷ்டமில்லை, நான் சொன்னது வக்கீல் ஆலோசனைக்கு ஈடாகாது. அதுவரைக்கும் பாட்டை முதலில் போனில் பாடிப் பதிவு பண்ணின ஃபைல், எழுதின நோட்டுப் பக்கத்தின் போட்டோ, ஸ்டுடியோ ரசீது, எல்லாவற்றையும் உங்கள் மெயிலுக்கே ஒருமுறை அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் நாளைக்கு யாருடையது என்று சண்டை வந்தால் தேதிதான் பேசும்.